சின்ன சைக்கிள் கற்பித்த பாடம்



"மலைமேல் வாழ்கிறவர்களுக்குச் சைக்கிள் எதற்கு?" என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் நம்மைக் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமே வீதிகளாய் அமைந்த ஊர் நம் கோடைக்கானல். மதுரைக் கலெக்டராயிருந்த வெர் லெவிஞ்ச் என்பார் 1863-ஆம் ஆண்டில் அமைத்த ஏரியைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பாதைதான் சைக்கிளுக்கு ஏற்ற இடம் என்று பலரும் எண்ணுகின்றனர். அங்கே வாடகைச் சைக்கிள்கள் வரிசையாய் நிற்பதையும், சுற்றுலா வந்தவர்கள் சிரித்தபடி ஓட்டிச் செல்வதையும் நாம் அன்றாடம் காண்கிறோம்.

ஆனால் ஏரிக்கரைக்கு அப்பாலும் நம் ஊரில் சைக்கிள்கள் உண்டு. பல வீடுகளின் பின்புறத்தில், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், துருப்பிடித்த சிறுவர் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடக்கும். அண்ணனுக்கு வாங்கியது, அண்ணன் வளர்ந்துவிட்டான், கால் மடங்கவில்லை, சைக்கிள் மூலைக்குப் போய்விட்டது. மூன்று நான்கு ஆண்டுகளே பயன்பட்ட அந்த இரும்பு உடல் இன்னும் உறுதியாகவே இருக்கும். அதன் பாகங்களை மாற்றி இன்னொரு குழந்தைக்குக் கொடுக்க முடியுமா? முடியும் என்பதை நாங்கள் இவ்வாண்டு செய்து பார்த்தோம். செய்த முறையையும், செய்த தவறையும், அதில் அடங்கிய விஞ்ஞானத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செய்த பிழை

நாயுடுபுரம் பக்கம் வசிக்கும் நாங்கள் நால்வரும் காலாண்டு விடுமுறையில் ஒரு முடிவு செய்தோம். எங்களுள் ஒருத்தியின் வீட்டில் 20 அங்குலச் சக்கரமுள்ள பழைய சைக்கிள் ஒன்று கிடந்தது. அடுத்த தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தாயார் காரட் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். அவளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அச்சைக்கிளைக் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. நால்வரும் சேர்த்துவைத்திருந்த பணம் 1,500 ரூபாய்.

அதில் 600 ரூபாயை முதல் நாளே செலவழித்துவிட்டோம். எதற்குத் தெரியுமா? ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட், பளபளக்கும் மணி, முன்னால் மாட்டும் கூடை, கைப்பிடிக்கு வண்ண உறை, புதிய சீட்டு! துருவை உப்புக்காகிதத்தால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, வெயிலில் காயவைத்தபோது, புதுச் சைக்கிளே வாங்கிவிட்டாற்போல் பூரித்துப் போனோம். அச்சிறுமியையும் அழைத்துக் காட்டினோம். அவள் மணியை அடித்து அடித்து மகிழ்ந்தாள்.

மறுநாள் மாலை மெல்லிய தூறல். எங்களுள் எடை குறைந்தவள் அதில் ஏறி, வீட்டுக்கு முன்னுள்ள சரிவில் இறங்கினாள். பாதியில் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள். அப்பொழுதும் நிற்கவில்லை! நல்லவேளையாக, வளைவுக்கு முன்பிருந்த புல்மேட்டில் வண்டியைத் திருப்பி விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, வேறு காயமில்லை. வளைவுக்கு அப்பால் ஜீப்புகளும் லாரிகளும் வரும் பெரிய சாலை.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் சீட்டில் அச்சிறுமி இருந்திருந்தால்? இதை நினைக்க நினைக்க உடல் நடுங்கியது. மறுநாள் அவளே வந்து, "அக்கா, சைக்கிள் வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்று கண்கலங்கிச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தாயார் சொன்னது முற்றிலும் சரியே. கையில் மிஞ்சியிருந்தது 900 ரூபாய். அன்றுதான் நாங்கள் சைக்கிளை உண்மையிலேயே படிக்கத் தொடங்கினோம்.

சரிவில் நடப்பது என்ன?

எங்கள் பௌதிகப் பாடத்தில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என இரண்டினைப் படிக்கிறோம். உயரத்திலுள்ள பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு. இறங்கும்பொழுது அது இயக்க ஆற்றலாக மாறும். ஒரு சிறுமியின் நிறை 25 கிலோ, சைக்கிளின் நிறை 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 38 கிலோ. சாலை மொத்தத்தில் 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம், கீழே இறங்குவதாகக் கொள்வோம். நம் ஊரில் இது மிகச் சாதாரணமான இறக்கம். 38 × 9.8 × 10 = 3,724 ஜூல். இவ்வளவு ஆற்றலையும் பிரேக் வெப்பமாக மாற்றினால்தான் வண்டி அடிவாரத்தில் நிற்கும்.

பிரேக்கே இல்லாமல், காற்றின் தடையும் உராய்வும் இல்லாமல் இறங்கினால் வேகம் என்னவாகும்? நிறை எதுவாயினும் விடை ஒன்றுதான்: நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர்! காற்றும் உராய்வும் இதைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஒன்பது வயதுக் குழந்தை அந்த வேகத்தில் பாதியில் சென்றாலும் ஆபத்துதான். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ சைக்கிளில் முதலில் கவனிக்க வேண்டியது மிதிக்கும் பாகமாக இருக்கலாம். மலையில் முதலில் கவனிக்க வேண்டியது நிறுத்தும் பாகமே. இதை எங்களுக்கு எளிதாய்ச் சொன்னவர் சைக்கிள் கடைக்கார அண்ணன்தான். "பாப்பா, சைக்கிள்ங்கிறது ஓடுறதுக்கு மட்டும் இல்லை, நிக்கிறதுக்கும்தான்" என்றார் அவர்.

பிரேக் என்னும் காவல்

எங்கள் சைக்கிளின் பிரேக் ஏன் பிடிக்கவில்லை? கடைக்கார அண்ணனின் உதவியோடு ஆராய்ந்ததில் நான்கு காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, பிரேக் கட்டைகள். ரப்பர் கட்டை நாளடைவில் தேய்ந்து, காய்ந்து, கல்போல் இறுகிவிடுகிறது. நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். எங்கள் கட்டைகளில் நகம் பதியவில்லை. நான்கு புதிய கட்டைகள் வாங்கினோம். அவற்றை மாட்டுவதிலும் ஒரு முறை உண்டு. கட்டையைத் தாங்கும் தகட்டுக் கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருந்தால், மூடிய முனை வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும். மாறி மாட்டினால், சுழலும் ரிம் கட்டையை இழுத்துக் கூட்டிலிருந்து வெளியே தள்ளிவிடும். மேலும், கட்டை ரிம்மின் மீது மட்டுமே படவேண்டும். சற்று மேலே ஏறினால் டயரை அறுத்துவிடும். கீழே இறங்கினால் ஸ்போக்ஸ் கம்பிகளில் சிக்கும். கட்டையின் முன்முனை முதலிலும் பின்முனை பிறகும் ரிம்மைத் தொடுமாறு சிறிது சாய்த்து வைத்தால் கீச்சுச் சத்தம் வராது. பின்முனையில் ஒரு தபால் அட்டையின் கனத்திற்கு இடைவெளி விட்டால் போதும்.

இரண்டாவது, பிரேக் கம்பி. உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி துருப்பிடித்திருந்தது. நாம் கைப்பிடியில் செலுத்தும் விசையின் பெரும்பகுதி, கட்டைக்குச் செல்லாமல் அந்த உராய்விலேயே வீணாகிறது. கம்பியின் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றிவிடுவதே நல்லது. புதிய கம்பியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உறைக்குள் செலுத்தினோம்.

மூன்றாவது, கைப்பிடியின் தூரம். நம் விரலுக்கு எட்டுவது ஒன்பது வயதுக் குழந்தையின் விரலுக்கு எட்டாது. பல பிரேக் கைப்பிடிகளில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதை உட்புறமாகத் திருகினால் கைப்பிடி பாருக்கு அருகில் வரும். பிறகு கம்பியின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு திருத்தம் ஒரு குழந்தையைக் காக்கக்கூடும்.

நான்காவது காரணமே மிக முக்கியமானது, அதுதான் ரிம். விலை குறைந்த சைக்கிள்களின் ரிம் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. வெயிலில் அது நன்றாகவே பிடிக்கும். நனைந்தால், வழவழப்பான முலாமுக்கும் ரப்பருக்கும் நடுவே நீர்ப்படலம் தங்கி, கட்டை வழுக்கிக்கொண்டே போகும். வண்டி நிற்கும் தூரம் பல மடங்கு கூடிவிடும். அலுமினியக் கலவை ரிம்மில் இந்தக் குறை வெகுவாகக் குறைவு, எடையும் குறைவு. மழையும் மூடுபனியும் நிறைந்த நம் ஊரில், இரும்பு ரிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது.

இரண்டு ரிம்களையும் மாற்றப் பணம் இல்லை. ஆகவே முன்சக்கரத்தை மட்டும் மாற்றினோம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. எனவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தையே சேரும். (ஆனால் முன்பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் குப்புற விழ நேரிடும். இரண்டையும் சேர்த்து, சிறிது சிறிதாகப் பிடிக்கப் பழகவேண்டும்.) கடையின் பரணில் அலுமினிய ரிம் கோத்த பழைய முன்சக்கரம் ஒன்று கிடந்தது. "பாதி விலை கொடுங்க. மீதிக்குப் பதிலா ரெண்டு சனிக்கிழமை வந்து பால்ரஸ் கழுவிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணன். அப்படியே செய்தோம். உண்மையில் எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு சனிக்கிழமைகளே.

இங்கே ஓர் எச்சரிக்கை. "20 அங்குலம்" என்று எழுதிய எல்லாச் சக்கரமும் ஒன்றல்ல. 20 × 1.75 டயருக்குரிய ரிம்மில் 20 × 1⅜ டயர் பொருந்தவே பொருந்தாது. பழைய டயரின் பக்கத்திலுள்ள எண்ணை எழுதிக்கொண்டு போய்த்தான் வாங்க வேண்டும்.

பால்ரஸும் கோனும்

சக்கரம் எளிதாய்ச் சுழல்வதற்குக் காரணம், அதன் நடுவிலுள்ள சிறு எஃகுக் குண்டுகள். கடைகளில் இவற்றைப் பால்ரஸ் என்பர். எங்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குல அளவு. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, 1/4 அங்குல அளவு. சறுக்கி உராய்வதைவிட உருண்டு செல்வதில் தடை குறைவு என்னும் பாடம் இதற்குள் இருக்கிறது. கிரீஸ் காய்ந்து மண்ணோடு கலந்தால், அதே குண்டுகள் அரைக்கும் கற்களாக மாறிவிடுகின்றன.

எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்வதைக் கடைக்காரர்கள் "ஓவராயில்" என்பார்கள். வீட்டிலேயே செய்யலாம். பழைய வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் பிரிக்க வேண்டும். குண்டு உருண்டோடிப் போகாது. பிரித்த வரிசையிலேயே பாகங்களை அடுக்கி வைத்தால் திரும்பப் பூட்டுவது எளிது. குண்டுகளைச் சிறிது டீசலில் கழுவித் துடைத்தோம். (டீசலை அடுப்புக்கும் விளக்குக்கும் அருகே கொண்டு போகவே கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.) குழி விழுந்த குண்டு ஒன்று தென்பட்டாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். கிண்ணத்தில் கிரீஸைத் தடவினால் குண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு விழாமல் நிற்கும்.

பிறகு கோனை முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் சக்கரம் இறுகும், தளர்த்தினால் ஆடும். சரியான நிலையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, காற்று அடிக்கும் வால்வு பக்கவாட்டில் இருக்குமாறு நிறுத்தி, கையை விடுங்கள். வால்வின் சிறு பாரத்தாலேயே சக்கரம் மெல்லத் திரும்பி, முன்னும் பின்னும் அசைந்து, கடைசியில் நின்றால் அது சரி. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடக்கூடாது.

சக்கரம் கோணியிருந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். போர்க்கின் அருகே ஒரு சாக்குக் கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், வெளியே தள்ளியுள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். அவ்விடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பிகளைச் சிறிதே முடுக்கி, அதே பக்கத்துக் கம்பிகளைச் சிறிதே தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் கூடாது. பொறுமையில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம் என்பது எங்கள் அனுபவம்!

ஏற்றத்திற்கு ஏற்ற பல்சக்கரம்

இறங்குவது ஒருபுறம் இருக்க, ஏற வேண்டுமே! எங்கள் சைக்கிளின் முன்பல்சக்கரத்தில் 36 பற்கள். பின்னாலுள்ள ப்ரீவீலில் 16 பற்கள். பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 36 ÷ 16 = 2.25 முறை சுற்றும். 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். ஆகவே ஒரு மிதிக்கு வண்டி 3.6 மீட்டர் செல்லும். சமதரையில் இது நன்று. ஏற்றத்தில் சின்னக் கால்களுக்கு மிகவும் கனம்.

16 பல் ப்ரீவீலை எடுத்துவிட்டு 20 பல் ப்ரீவீலை மாட்டினோம். இப்போது 36 ÷ 20 = 1.8, ஒரு மிதிக்கு சுமார் 2.9 மீட்டர். 100 மீட்டர் செல்ல முன்பு 28 சுற்று. இப்போது 35 சுற்று. சுற்று கூடியது, ஆனால் காலுக்குத் தேவையான விசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செய்யும் வேலை மாறவில்லை; அதைச் சிறு சிறு கூறாகப் பிரித்துக்கொண்டோம், அவ்வளவே. நம் மலைச்சாலைகள் நேரே ஏறாமல் கொண்டை ஊசி வளைவுகளாய்ச் சுற்றிச் சுற்றி ஏறுவதும் இதே தத்துவத்தால் அன்றோ!

ப்ரீவீல் மிதிக்க மிதிக்க இறுகிக்கொள்ளும் தன்மையது. அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டினால் பாழாகிவிடும். அதை மட்டும் கடையில் கழற்றி வாங்கினோம். நான்கு பற்கள் கூடியதால் செயின் போதாதோ என்று அஞ்சினோம். கணக்கிட்டுப் பார்த்தால், பின் ஆக்சிலை அரை அங்குலம் முன்னே நகர்த்தினால் போதும் என்று தெரிந்தது. அதற்கு இடமும் இருந்தது. பழைய செயினே இன்னும் உழைக்குமா என்பதை ஓர் அடி அளவுகோலால் அறியலாம். செயினின் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் புதிய ப்ரீவீலின் பற்களையும் அது தேய்த்துவிடும். எங்களுடையது தேறியது.

பெடல் மாற்றுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வலப்பக்கப் பெடலின் மரை வழக்கமானது. இடப்பக்கப் பெடலின் மரை நேர்மாறானது. இது தெரியாமல் நாங்கள் அரைமணி நேரம் ஸ்பேனரோடு மல்லுக்கட்டினோம்! எடையைக் குறைக்கப் பின் கேரியரைக் கழற்றினோம். மட்கார்டுகளைக் கழற்றவில்லை, நம் ஊர் மழைக்கு அவை வேண்டும்.

மகனுக்காக ஒரு தந்தை செய்த மாற்றம்

வீட்டு முற்றத்தில் குழந்தை வண்டியைச் செப்பனிடுவது அற்பமான வேலை என்று எண்ணாதீர்கள். உலகமே இன்று உருண்டோடும் காற்றடைத்த டயர் அவ்வாறுதான் பிறந்தது. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய சிறு மகனுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. அதன் கட்டி ரப்பர் சக்கரங்கள் கல் பாவிய தெருவில் கடகடவென்று அதிர்ந்தன. 1887-இல் டன்லப் மெல்லிய ரப்பர்த் தகட்டால் ஒரு குழாய் செய்து, அதை மரச்சக்கரம் ஒன்றின் விளிம்பில் துணியால் பொதிந்து கட்டி, காற்றடித்தார். அதனையும் மகனுடைய வண்டியின் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கட்டிச் சக்கரம் பாதியிலேயே சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கோடிவரை உருண்டது. 1888-இல் அவர் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் அதே கருத்துக்கு 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒரு தந்தையின் அன்பு.

பெண்களும் சைக்கிளும்

நம் நாட்டுச் சான்றும் ஒன்று கூறுவோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அப்போது கலெக்டராயிருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துப் பெண்களிடையே பரப்பினார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமற் போனபோது, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்! தண்ணீர் எடுக்கவும், கல் குவாரி வேலைக்குச் செல்லவும், சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பாராத நிலை அவர்களுக்கு வந்தது. பின்னர் 2001-02 கல்வியாண்டில் நம் மாநில அரசு, மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பிற்பாடு ஏனைய மாணவியருக்கும் அதை விரிவுபடுத்தியது.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்கள் இன்று ஏராளம். ஆனால் பஞ்சர் ஒட்டவும், பிரேக் கட்டை மாற்றவும் தெரிந்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? செயின் கழன்றால் சாலையோரம் நின்று யாராவது வருவார்களா என்று பார்க்கிறோம். கடையில் எங்களைக் கண்ட சிலர், "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்தக் கரி வேலை?" என்று கேட்டார்கள். கையிலுள்ள கரி சோப்புக்குப் போய்விடும்; கற்ற தொழில் போகாது. இயேசு ஆண்டவர் வளர்ந்தது நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையில். உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளில் கொண்டாடுமாறு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். கைத்தொழிலில் ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவினை எதற்கு?

வாங்கும் வரிசை

பழைய சைக்கிளைப் புதுப்பிக்க விரும்பும் தோழியர், பணத்தை இந்த வரிசையில் செலவிடுவார்களாக. முதலில், உடலும் போர்க்கும் வெடிப்போ வளைவோ இன்றி உள்ளனவா என்று பார்க்கவும். வெடிப்பு இருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே மேல். இரண்டாவது பிரேக் கட்டை, கம்பி, கைப்பிடி. மூன்றாவது டயரும் ரிம்மும். நான்காவது பால்ரஸும் கிரீஸும். ஐந்தாவது ஏற்றத்திற்கேற்ற ப்ரீவீல். சீட்டின் உயரத்தைக் குழந்தைக்கு ஏற்ப வைக்கவும். சீட்டுக் கம்பியிலுள்ள எல்லைக் குறிக்கு மேல் அதை உயர்த்தக் கூடாது. பெயிண்டும் கூடையும் கடைசியில். மணி மட்டும் முதலிலிருந்தே இருக்கலாம். வளைவுகள் நிறைந்த ஊரல்லவா!

முடிவாக

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் நாங்கள் நால்வரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அச்சிறுமியின் வீட்டுக்குப் போனோம். அவளுடைய தாயாரிடம் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை முன்சக்கரத்தின் மீது ஊற்றிவிட்டு, "அம்மா, நீங்களே பிரேக்கைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள்" என்றோம். அவர் பிடித்துத் தள்ளினார். முன்சக்கரம் அசையவில்லை, பின்சக்கரம்தான் தரையை விட்டு எழும்பியது. அவர் மீண்டும் தண்ணீர் ஊற்றி, மீண்டும் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களுள் ஒருத்தி மெல்லிய சரிவில் ஓட்டிவந்து, சாக்குக் கட்டியால் போட்ட கோட்டில் பிரேக் பிடித்தாள். நான்கு அடி தூரத்தில் வண்டி நின்றது.

அந்தத் தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு எங்களில் விழுந்தவளின் முழங்கைத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "எடுத்துக்கோடி" என்று மகளிடம் சொன்னார்.

நாங்கள் அவளிடம் ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு முன்னுள்ள செங்குத்துச் சரிவில் ஏறி ஓட்டக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டே வரவேண்டும். எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் மலை மலைதான். அவளும் தலையசைத்தாள். சனிக்கிழமைகளில் அவளுக்குப் பிரேக் கட்டை மாற்றவும் கற்றுக்கொடுத்து வருகிறோம். அவள் வளர்ந்து கால் மடங்காத நாள் வரும்போது, அச்சைக்கிளை அடுத்த குழந்தைக்குச் செப்பனிட்டுக் கொடுக்கப் போகிறவள் அவளே.

தோழியரே! உங்கள் வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னாலும் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கலாம். இந்த விடுமுறையில் அதைச் சற்று எட்டிப் பாருங்கள். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்.